குட்டி யானைக்குத் தீனி எவ்வளவு?

தண்ணீர் கேன் போடுகிறவர், பந்தல் சாமான் வாடகைக்கு விடுகிறவர், கோழிக்கடைக்கு லோடு அடிக்கிறவர், சந்தைக்குச் சந்தை வெங்காயம் கொண்டுபோய் விற்கிறவர்... சொந்தமாக நாலு சக்கரம் வேண்டும் என்று முடிவெடுக்கிற நாளில் இவர்களில் பலர் ஷோரூம் பக்கமே போவதில்லை. பைபாஸ் ஓரம் தகரக் கொட்டகை போட்டு, வண்டிகளைக் கழுவி வரிசையாக நிறுத்தியிருக்கும் கன்சல்டிங்குக்குத்தான் போகிறார்கள். புது வண்டிக்கு முன்பணமும் ரிஜிஸ்ட்ரேஷனும் கட்டுகிற காசில் பழைய வண்டியின் பாதி விலை வந்துவிடும் என்பது கணக்கு. கணக்கு தப்பில்லை. ஆனால் அதில் வாங்குகிற விலை மட்டும்தான் இருக்கிறது. வைத்து ஓட்டுகிற விலை இல்லை.

கன்சல்டிங்கில் நுழைந்ததும் காதில் விழுவது, "சொந்த யூஸ் வண்டிண்ணே, வாடகைக்கே போனதில்ல." அடுத்து, "பேப்பர் எல்லாம் கரன்ட்டு." அப்புறம் கிலோமீட்டர். லோடு வண்டியில் மீட்டர் காட்டுகிற எண்ணை நம்புவதும் ஒன்றுதான், நம்பாமல் விடுவதும் ஒன்றுதான். கேபிளைக் கழற்றிவிட்டு வருஷக்கணக்கில் ஓட்டிய வண்டி உண்டு, டிஜிட்டல் மீட்டரை லேப்டாப்பில் திருத்திய வண்டியும் உண்டு. கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறதா, ஸ்டியரிங்கின் சொரசொரப்பு போய்விட்டதா, டிரைவர் சீட்டின் வலது ஓரம் நைந்திருக்கிறதா என்று பார்த்தால் மீட்டரைவிட உண்மை பேசும். எட்டு வருஷ வண்டியில் பெடல் ரப்பர் மட்டும் புதுசாக மினுங்கினால் ஏன் என்று கேட்டாக வேண்டும்.

இதையெல்லாம்விட முக்கியமாக ஒன்று கேட்க வேண்டும். இந்த வண்டி இதுவரை என்ன லோடு அடித்தது? பழைய டீசல் வண்டிக்கு நோய் வருவது வயசால் கொஞ்சம், ஓட்டத்தால் கொஞ்சம். சுமையால்தான் அதிகம்.

பதினைந்து மூட்டைதான் கணக்கு

டாடா ஏஸ் சந்தைக்கு வந்தது 2005 மே மாதம். இரண்டு சிலிண்டர், 702 சிசி, டர்போ கிடையாது, 16 குதிரைத்திறன், ஏற்ற அனுமதித்த எடை 750 கிலோ. மூன்று சக்கர லோடு ஆட்டோவுக்கும் 407 லாரிக்கும் நடுவில் இருந்த பெரிய வெற்றிடத்தை அது பிடித்துக்கொண்டது. நம்மூரில் அதற்குக் குட்டி யானை என்ற பேர் நிலைத்துப்போனது. 2011-ல் அசோக் லேலண்ட், நிசானோடு கூட்டு வைத்து ஓசூரில் தோஸ்த்தைத் தயாரித்தது. அது மூன்று சிலிண்டர், ஒன்றரை லிட்டர், டர்போ, காமன் ரெயில், ஒன்றேகால் டன் வண்டி. அதற்கும் மேலே, கிராமத்து ரோட்டுக்கும் மலைப்பாதைக்கும் இரண்டரை லிட்டர் இன்ஜினோடு மஹிந்திரா பொலேரோ பிக்அப். பழைய வண்டிச் சந்தையில் இன்று அதிகம் கைமாறுபவை இந்த மூன்றும்தான். மாருதியும் 2016-ல் சூப்பர் கேரி என்று ஒரு டீசல் வண்டி விட்டது. 2020 ஏப்ரலோடு மாருதி டீசலையே கைவிட்டுவிட்டதால் அது இப்போது அனாதை. விலை குறைத்துச் சொல்வார்கள். உதிரிபாகத்துக்கு அலையத் தயார் என்றால் எடுக்கலாம்.

இப்போது எடையைப் பார்ப்போம். 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று, பிளாஸ்டிக்கோடு சேர்த்து 20 கிலோவுக்குச் சற்று மேல். 36 கேன் ஏற்றினாலே குட்டி யானையின் 750 கிலோ முடிந்துவிடும். காலையில் உங்கள் தெருவுக்கு வரும் வண்டியில் எத்தனை கேன் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். 70 கேன் என்றால் கிட்டத்தட்ட ஒன்றரை டன். சிமென்ட்டுக்குக் கணக்கு இன்னும் சுலபம். ஐம்பது கிலோ மூட்டையில் பதினைந்து ஏற்றினால் சரி. ஹார்டுவேர் கடை வண்டி பதினைந்து மூட்டையோடு நிறுத்துவதை நான் பார்த்ததில்லை.

அந்தக் கூடுதல் எடை எங்கே போய் உட்காருகிறது? முதலில் பின்பக்க ஸ்பிரிங் பட்டையில். பட்டை தட்டையாகிப்போனதும் கூடுதலாக ஒன்றிரண்டு பட்டை சொருகுவார்கள். "ஹெவி பட்டை போட்டிருக்குண்ணே, ரெண்டு டன் கூட தாங்கும்" என்று விற்கிறவர் பெருமையாகச் சொல்வார். அது ஒப்புதல் வாக்குமூலம். பட்டை தாங்கும்தான். பட்டையைப் பிடித்திருக்கிற சேஸிஸும், வீல் பேரிங்கும், கிரவுன் பினியனும், பிரேக் டிரம்மும் தாங்குமா? வண்டிக்கு அடியில் ஒரு சாக்கை விரித்துப் படுத்து, செல்போன் டார்ச் அடித்து, பட்டை சேஸிஸோடு சேருகிற இடத்தைப் பாருங்கள். அங்கே வெல்டிங் தழும்பு இருந்தாலோ, மேலே தகடு வைத்து அடித்துப் புது கறுப்புப் பெயின்ட் பூசியிருந்தாலோ அந்த வண்டி ஒருமுறை முறிந்து எழுந்தது என்று அர்த்தம். அந்த வண்டி வேண்டாம்.

சுமை செய்த வேலை ஓட்டும்போதும் தெரியும். நிற்கும் வண்டியை முதல் கியரில் எடுக்கும்போது அடியில் 'டக்' என்று ஒரு சத்தம் வந்தால் ஜாயின்ட் கிராஸ் போயிருக்கிறது. அது சின்னச் செலவு. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் பின்னாலிருந்து ஊளைச் சத்தம் வந்து, ஆக்சிலரேட்டரை விட்டதும் சத்தம் மாறினால் கிரவுன் பினியன். அது பெரிய செலவு. கிளட்சைச் சோதிக்க ஒரு பழைய வழி இருக்கிறது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, மூன்றாவது கியர் போட்டு, கிளட்சை மெல்ல விடுங்கள். இன்ஜின் திணறி அணைய வேண்டும். அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தால் பிளேட் தேய்ந்திருக்கிறது. ஒருமுறை செய்தால் போதும், திரும்பத் திரும்பச் செய்தால் இருக்கிற பிளேட்டும் போய்விடும்.

மீன் வண்டிக்கு வேறு பிரச்னை. ஐஸ் உருகிய உப்புத்தண்ணீர் வருஷக்கணக்கில் சேஸிஸ் மேல் சொட்டியிருக்கும். மேலே புது பாடி கட்டி, புது பெயின்ட் அடித்தால் வெளியே ஒன்றும் தெரியாது. காசிமேடு, தூத்துக்குடி, நாகை பக்கம் ஓடிய வண்டி என்றால் ஒரு ஸ்குரூடிரைவரால் சேஸிஸைத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். துருப்பிடித்தது மந்தமாகக் கேட்கும், சில இடங்களில் ஸ்குரூடிரைவர் உள்ளேயே போய்விடும்.

எந்த வண்டியைத்தான் எடுப்பது? என்னைக் கேட்டால் சிப்ஸ், பிஸ்கட், பஞ்சுமிட்டாய், தெர்மாகோல் ஏற்றிய வண்டி. ஏஜென்சிக்காரர்கள் மூடிய பாடி கட்டி வைத்திருப்பார்கள். பெட்டி நிறைந்துவிடும், எடை ஏறாது. ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய சிப்ஸ் வண்டி, அறுபதாயிரம் ஓடிய எம்-சாண்ட் வண்டியைவிட எவ்வளவோ மேல். பாடியில் பழைய கம்பெனி பேர் பெயின்ட்டுக்கு அடியில் லேசாகத் தெரிகிறதா பாருங்கள், வண்டியின் ஜாதகம் அங்கேயே இருக்கும்.

சீட்டைத் தூக்கிப் பார்

வண்டி பார்க்க விடியற்காலையில் போக வேண்டும், அதுவும் சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னால். டீசல் இன்ஜின் சூடாக இருந்தால் எந்தக் குறையையும் மறைத்துவிடும். ஆறிக் கிடக்கும்போது மறைக்க முடியாது. போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். குட்டி யானையில் இன்ஜின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது, சீட்டைத் தூக்கினால் கை எட்டும். வெதுவெதுப்பாக இருந்தால் உங்களுக்கு முன்னால் யாரோ ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். டீ குடித்துவிட்டு, கதை பேசிவிட்டு, ஆறிய பிறகு பாருங்கள்.

சாவியைத் திருப்பி ஹீட்டர் விளக்கு அணைகிறவரை பொறுத்து ஸ்டார்ட் செய்தால் ஒரு சுற்றிலோ இரண்டு சுற்றிலோ பிடிக்க வேண்டும். பத்து விநாடி இழுத்த பிறகு, வெள்ளைப் புகையோடு, ஒரு சிலிண்டர் மட்டும் அடித்துக்கொண்டு கிளம்பினால் நல்ல நிலைமையில் ஹீட்டர் பிளக், கெட்ட நிலைமையில் கம்ப்ரஷன். கறுப்புப் புகைக்குப் பெரும்பாலும் ஏர் ஃபில்டரோ இன்ஜெக்டரோ காரணம், பயப்பட வேண்டாம். நீலப் புகைக்குப் பயப்படலாம். அது ஆயில் எரிகிற புகை.

அடுத்து, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறக்க வேண்டும். லேசாக ஆவி வந்தால் சரி. 'புஸ் புஸ்' என்று புகை அடித்து, கழற்றிவைத்த மூடியே துள்ளினால் மெக்கானிக் பாஷையில் அது 'பேக் கம்ப்ரஷன்'. பிஸ்டன் ரிங் தேய்ந்து, மேலே இருக்க வேண்டிய அழுத்தம் கீழே இறங்குகிறது. மூடியின் உள்பக்கத்தையும் பாருங்கள். ஆயில் மோர் மாதிரி வெளுத்து ஒட்டியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம், ஹெட்டே விரிசல் விட்டிருக்கலாம். சின்ன இன்ஜின், பெரிய சுமை, கூலன்ட்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீர் என்று மூன்றும் சேர்ந்தால் குட்டி யானை கொதித்துப்போவது அதிசயமில்லை. கூலன்ட் பாட்டிலில் செம்மண் நிறத்தில் தண்ணீர் இருந்தால் ரேடியேட்டரையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மெக்கானிக் வாயிலிருந்து 'ஆஃப் இன்ஜின்' என்று வந்தால் பிஸ்டன், ரிங், ஹெட், வால்வு வேலை. 'ஃபுல் இன்ஜின்' என்றால் க்ராங்கைக் கழற்றி லேத்துக்கு அனுப்பி, போர் அடித்து, பேரிங் மாற்றி எல்லாமே. பேக் கம்ப்ரஷன் வருகிற குட்டி யானையைத் தெரிந்தே வாங்குகிறவர்கள் உண்டு. தப்பில்லை. ஆனால் அரை லட்சத்தைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, அதை விலையில் கழித்துப் பேச வேண்டும். இந்தப் பழைய ஏஸ் இன்ஜினின் பலமே அதன் எளிமை. கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் தொல்லை இல்லை. தாலுகா ஊர் மெக்கானிக் இரண்டு மூன்று நாளில் பிரித்துப் போட்டுவிடுவார். சென்னை என்றால் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் கிடைக்காத சாமான் இல்லை.

காமன் ரெயில் வண்டிகளில் இந்தச் சுகம் கிடையாது. டீசல் மிகப் பெரிய அழுத்தத்தில், மிக நுணுக்கமான துளைகள் வழியாக இன்ஜெக்டரில் பாய்கிறது. தண்ணீர் கலந்த டீசலோ, மாற்றாத ஃபில்டரோ, மலிவு ஃபில்டரோ அந்தத் துளையைக் கெடுத்துவிடும். வண்டி நடுங்கும், இழுவை குறையும், மைலேஜ் விழும். நல்ல பம்ப் கடைக்காரர் செய்கிற ஒரு சோதனையை நீங்களே நின்று பார்க்கலாம். ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் தனித்தனி பாட்டிலில் விட்டு இன்ஜினை ஓடவிடுவார். எல்லாப் பாட்டிலிலும் டீசல் ஏறக்குறைய சமமாக ஏற வேண்டும். ஒன்று மட்டும் மளமளவென்று நிறைந்தால் அந்த இன்ஜெக்டர் உள்ளே ஒழுகுகிறது. இன்ஜெக்டருக்கும் ஹை பிரஷர் பம்ப்புக்கும் தாலுகா மெக்கானிக்கிடம் வைத்தியம் இல்லை, கழற்றிக்கொண்டு நகரத்துக்குப் போக வேண்டும். அதுவரை வண்டி நிற்கும்.

டாஷ்போர்டில் ஒரு சின்னத் தில்லுமுல்லு நடக்கும். சாவியை ஆன் செய்ததும் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் கோளாறு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், பல்பைப் பிடுங்கியிருப்பார்கள்.

பிஎஸ்-6: சின்னப் பயணம், பெரிய செலவு

2020 ஏப்ரல் முதல் விற்ற வண்டிகள் பிஎஸ்-6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்டவை. டீசலில் கந்தகம் பத்து லட்சத்துக்கு 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. புகையைச் சுத்தப்படுத்தும் பாகங்கள் சைலன்சர் வழி நெடுக வந்து சேர்ந்தன. அவற்றில் பழைய வண்டி வாங்குகிறவரைப் படுத்துவது கரித்துகளைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் என்கிற வடிகட்டி. கரி சேர்ந்ததும் இன்ஜின் கூடுதல் டீசலைச் செலுத்தி, புகையைச் சூடாக்கி, அந்தக் கரியை எரித்துத் தீர்க்கும். அதற்கு வண்டி தொடர்ந்து கொஞ்ச நேரம் நல்ல வேகத்தில் ஓட வேண்டும். திருச்சியிலிருந்து மதுரைக்கு ஓடுகிற வண்டிக்கு இது பிரச்னையே இல்லை. தெருத் தெருவாக நின்று கேன் இறக்குகிற வண்டிக்கு அந்த ஓட்டம் எங்கே கிடைக்கும்? சுத்திகரிப்பு பாதியில் நிற்கும், மறுபடி ஆரம்பிக்கும், மறுபடி நிற்கும். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறைவதற்குப் பதில் கூடிக்கொண்டே போகும். ஆயில் கூடினால் சந்தோஷப்படுகிற டிரைவரைப் பார்த்திருக்கிறேன். நீர்த்துப்போன ஆயில் பேரிங்கைத் தின்கிறது என்று அவருக்கு யார் சொல்வது?

வடிகட்டி அடைத்துப்போனால் சிலர் உள்ளே இருப்பதைக் குடைந்து எடுத்துவிட்டு வெறும் டப்பாவை மாட்டிவிடுவார்கள். அது சட்டப்படி குற்றம். அடுத்த எஃப்.சி. (தகுதிச் சான்று) சோதனையின்போது வாங்கினவர் தலையில் விடியும். வாரன்டி முடிந்த, நகருக்குள் மட்டுமே ஓடிய பிஎஸ்-6 டீசல் வண்டியை, சர்வீஸ் பதிவேடு இல்லாமல், என்ன விலைக்குக் கொடுத்தாலும் தொட வேண்டாம் என்பேன்.

வயசுக்குத் தள்ளுபடி இல்லை

வண்டிக்கு வயசானால் விலை குறைகிறது. காகிதச் செலவு குறைவதில்லை. 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணப்படி, மொத்த எடை 7,500 கிலோ வரையுள்ள வாடகைச் சரக்கு வாகனத்துக்கு ஆண்டுக்குத் தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் 16,049 ரூபாய், வரி தனி. ஐந்தரை லட்சத்துக்கு வாங்கிய புது வண்டிக்கு இது விலையில் மூன்று சதவீதம். ஒன்றரை லட்சத்துக்கு வாங்கிய பழைய வண்டிக்குப் பத்து சதவீதத்துக்கும் மேல். குட்டி யானைக்கும் ஏழு டன் லாரிக்கும் ஒரே கட்டணம் என்பது வேறு வயிற்றெரிச்சல்.

எஃப்.சி.யும் அப்படித்தான். எட்டு வயசு வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதற்கப்புறம் வருஷா வருஷம். கட்டணத்தைவிட அதற்கு முன்னால் செய்கிற வேலைதான் செலவு. டிங்கரிங், பெயின்ட், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர், விளக்கு, பிரேக் என்று வண்டி பட்டறையில் நிற்கும். அதனால் "எஃப்.சி. இன்னும் ரெண்டு மாசம் இருக்கு" என்று ஒருவர் சொன்னால், எஃப்.சி. செலவுக்குப் பயந்து விற்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

சாதகமான விஷயமும் சில உண்டு. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை. குட்டி யானையும் தோஸ்த்தும் இதில் தப்பிவிடும். பெரிய பிக்அப்கள் தப்பாது. ஓட்டுவதற்குச் சாதாரண எல்எம்வி லைசென்ஸ் போதும் என்பதை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, 7,500 கிலோ வரையுள்ள வண்டிகளுக்கு உறுதி செய்துவிட்டது.

ஃபைனான்ஸில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒன்றரை லட்சம் கடன், இரண்டு வருஷம், 'நூத்துக்கு ஒண்ணரை வட்டி' என்று வைத்துக்கொள்வோம். கேட்க நியாயமாக இருக்கும். மாதத் தவணை 8,500. ஆனால் அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழு ஒன்றரை லட்சத்துக்கே போடப்படுகிறது. மொத்த வட்டி 54,000. குறைகிற அசலுக்குக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 31 சதவீதத்துக்கும் மேல் வருகிறது. அதே கடன் குறையும் அசலுக்கு 18 சதவீதம் என்றால் தவணை 7,500-க்குள், மொத்த வட்டி 30,000-க்குள் முடியும். வித்தியாசம் இருபத்து நாலாயிரம் சொச்சம்.

டீசலையும் பார்த்துவிடலாம். நாளுக்கு 70 கிலோமீட்டர், மாதம் 25 நாள் ஓட்டம், லிட்டர் 92 ரூபாய் என்று வையுங்கள். லிட்டருக்கு 18 கொடுக்க வேண்டிய வண்டி 14 கொடுத்தால் மாதம் கிட்டத்தட்ட 28 லிட்டர் கூடுதல். அதாவது 2,550 ரூபாய், வருஷத்துக்கு முப்பதாயிரம். இன்ஜெக்டர் வேலையைத் தள்ளிப்போடுகிறவர் இந்தக் காசைப் பங்கில் தவணையாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு எந்த பில்லிலும் வராது. வண்டி நிற்கிற நாள்தான் அது. வாடகை போவது ஒருபுறம். ரெகுலர் கடைக்காரர் இரண்டு நாள் வேறு வண்டியைக் கூப்பிட்டுவிட்டால், மூன்றாம் நாள் அந்த வண்டிதான் அவருக்கு ரெகுலர். பழைய வண்டி வைத்திருக்கும் அனுபவஸ்தர்கள் கழன்று விழுகிறவரை காத்திருக்காமல், மழைக்காலத்துக்கு முன் பேட்டரி, பிரேக், வைப்பர், டயர் என்று தாங்களாகவே ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து வண்டியை நிறுத்துவது இதனால்தான். டயர் வாங்கும்போதும் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்க எண்ணைப் பார்ப்பார்கள். 3221 என்றால் 2021-ன் 32-வது வாரத்தில் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறேழு வருஷ டயரில் லோடு ஏற்றி வெயிலில் ஓட்ட மாட்டார்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதே மாதம் வந்த ஏஸ் கோல்டு பிளஸ் டீசலின் ஷோரூம் விலை 5.52 லட்சம். புது வண்டி விலை இறங்கினால் பழைய வண்டியும் இறங்கத்தானே வேண்டும்? இறங்கச் சொல்லி நாம்தான் கேட்க வேண்டும். மூன்று வருஷ ஓட்டம் ஓடிய வண்டிக்கு நாலரை லட்சம் சொல்கிறவரிடம் இந்த இரண்டு எண்களையும் சொல்லிப் பாருங்கள். என் கணக்கில் பழைய வண்டி லாபம் என்றால் அது ஆறேழு வருஷத்துக்கு மேற்பட்ட, லேசான லோடு அடித்த, விலை புதியதில் பாதிக்கும் கீழே இருக்கிற வண்டி. இல்லையென்றால் புதியது. இரண்டுக்கும் நடுவில் இருப்பதில் விலைச் சலுகையும் கிடைப்பதில்லை, வாரன்டியும் கிடைப்பதில்லை.

பேரம் முடிந்தால் அட்வான்ஸை மட்டும் கொடுத்து ரசீது வாங்குங்கள். பழைய சலான்கள், வரி பாக்கி, பசுமை வரி எல்லாம் விற்கிறவர் பொறுப்பு, ஃபைனான்ஸ் கடனை ரத்து செய்து படிவம் 35 தந்த பிறகே மீதிப் பணம் என்று அந்த ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கி பீரோவில் வைத்துவிட்டு வண்டி ஓட்டுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. விபத்து நடந்தால் பதிவேட்டில் யார் பேர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது. விற்கிறவருக்குத்தான் அதில் ஆபத்து அதிகம், அதனால் பேர் மாற்ற அவரே கூட வருவார், கூப்பிடுங்கள். வண்டி பார்க்க மெக்கானிக்கைக் கூட்டிப் போகிறவர்கள், கன்சல்டிங்காரர் சிபாரிசு செய்கிற மெக்கானிக்கை விட்டுவிட்டு, நாளைக்கு அந்த வண்டியை ரிப்பேர் செய்யப்போகிறவரையே கூட்டிப் போகட்டும். அவருக்கு ஒருநாள் கூலியை முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும், கமிஷன் வேறு பக்கத்திலிருந்து வராமல் இருக்க.